பூட்டிய காரில் ஓடிய விசிறி

2025.09.08. பி.ப. 3.15.

எனது பெயர் மொஹமட் ஸாலி ஜெனீரா. வயது 48. வதிவிடம் பசறை. விஞ்ஞானப் பட்டதாரி. பதுளையில் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். வாகனத் தரிப்பிடக் காவலாளி (வோச்சர்) முருகையா, வயது 61, என்பவர் மீது 2025.08.26 அன்று இந்தப் பொலிஸ் நிலையத்தில் நான் செய்த முறைப்பாடு தொடர்பாக, யாரும் அழைக்காமல் நானாக வந்து இதைக் கூறுகிறேன்.

பாடசாலைக்குள் இடமில்லாததால் எனது மின்சாரக் காரை மே மாதம் முதல் மொஹிதீன் என்பவரின் தரிப்பிடத்தில் நிறுத்தி வந்தேன். அங்கு வாகனங்களை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி நிறுத்துவார்கள். உள்ளே நிற்பதை எடுக்க வெளியே நிற்பதை நகர்த்த வேண்டும் என்பதால் எல்லோரும் சாவியை வோச்சரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். நானும் கொடுத்தேன். ஓகஸ்டில் வெயில் கடுமையாக இருந்தது. காலையில் இருந்த சார்ஜ், பிற்பகலில் காரை எடுக்கும்போது ஐந்து, ஆறு வீதம் குறைந்திருந்தது. கிலோமீட்டர் மாறவில்லை. ஆகவே வோச்சர் காரை ஓட்டவில்லை, உள்ளே இருந்து ஏசி போட்டிருக்கிறார் என்று முடிவு செய்தேன்.

அதன் பின்னர் எதிரே டயர் கடை வைத்திருக்கும் ஸரூக்கிடம் விசாரித்தேன். வோச்சர் பகலில் எனது காரின் பக்கத்திலேயே இருப்பதாகவும், விசிறிச் சத்தம் தனது கடை வரை கேட்பதாகவும் சொன்னார். "மாப்புள மாதிரி சொகுசு டீச்சர், உங்கட காருல" என்று சிரித்தார்.

அதன் பின்னர் முருகையாவிடம் கேட்டேன். அவர் முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டில் விசிறிகளைப் பார்த்துக்கொண்டவர். காருக்குள் ஏறியதே இல்லை என்றார். "பூட்டுன வண்டியில அதுவாத்தாங்க பேன் ஓடுது டீச்சர். வெயில் ஏறுனா போடுது, மேகம் மூடுனா நிக்கிது. அடியில ஏதோ சூடாகுதுங்க" என்றார். பொய்க்கு இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்று நினைத்தேன். காரின் அருகில் ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். தீப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் வாளியில் தண்ணீர் வைத்துக் காவல் இருப்பதாகச் சொன்னார். வாளியை நானும் பார்த்தேன்.

அதன் பின்னர் மொஹிதீனிடம் முறையிட்டேன். "சும்மா எப்படி ஆள நிப்பாட்டுற டீச்சர்? பொலிஸில ஒரு என்ட்ரி போடுங்க" என்றார். அதன்படி முறைப்பாடு செய்தேன். முருகையா தந்த விளக்கத்தையும் வாளியையும் அதில் நான் சொல்லவில்லை. மறுநாள் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் நேரத்தில் பொலிஸார் அவரைத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக உள்ள லயத்திலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்து, மாலையில் எச்சரித்து அனுப்பியதாக அறிந்தேன். அன்றே மொஹிதீன் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்.

புதிய வோச்சர் வந்த பின்னரும் சார்ஜ் குறைந்தது. சாவியை நானே வைத்துக்கொண்டேன். அப்போதும் குறைந்தது. 09.06 சனிக்கிழமை காரை அதே இடத்தில் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு குடை பிடித்து நின்றேன். 12.40க்கு விசிறி தானாக ஓடத் தொடங்கியது. ஸரூக் வந்து பக்கத்தில் நின்றார். ஒரு மணிக்குப் பின் மேகம் மூடியது, சற்று நேரத்தில் விசிறி நின்றது. அதன் பின்னர் வீட்டுக்குச் சென்று, வாங்கிய நாள் முதல் திறக்காத கையேட்டை வாசித்தேன். நிறுத்தியிருக்கும்போதும் பற்றரி அதிகம் சூடானால் கார் தானாகவே விசிறியை இயக்கி அதைக் குளிர்விக்கும் என்றும், அதற்குப் பற்றரியின் மின்சாரமே செலவாகும் என்றும் அதில் இருந்தது. வெப்பம் நான் இருபத்திரண்டு வருடமாகக் கற்பிக்கும் பாடம்.

நேற்று முருகையாவின் லயத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மொஹிதீன் அவரைத் திரும்ப எடுக்கச் சம்மதித்திருப்பதையும் சொன்னேன். வேலையைப் பற்றி அவர் பேசவில்லை. "ஜீப்புல ஏத்துனத லயமே பாத்துச்சுங்க டீச்சர். நான் ஒண்ணும் செய்யலன்னு நீங்க ஸ்டேசன்ல சொன்னா, இங்க யாருக்குங்க கேக்கும்?" என்றார்.

ஆகவே எனது முறைப்பாட்டை மீளப்பெறுகிறேன். பொலிஸார் லயத்துக்கு வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவ்வாறான நடைமுறை இல்லை என்று பதிவு செய்யும் அதிகாரி கூறினார். அப்படியானால் இதன் பிரதியொன்றைத் தருமாறு கோருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில், லயத்து முற்றத்தில் இதை நானே வாசிப்பேன்.

மேலே உள்ளவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கூட்டவோ குறைக்கவோ எதுவுமில்லை. யாவும் நான் அறிந்தவரை உண்மை. சென்ற முறையும் இதே வாசகத்தின் கீழ்தான் கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) மொ. ஸா. ஜெனீரா