பலகை அடித்த சுவர்

தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரி முன்னால் பஸ் ஏறிய இருவர் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் காலி டிபன் கேரியர். அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“அந்தப் பலகைய நான் அடிச்சிருக்கக் கூடாது மச்சான்.”

“பழைய வீடு, சுவரெல்லாம் ஈரம். குறுக்குப் பலகை அடிச்சா என்ன தப்புலா?”

“எஸ்டேட் லயத்துல ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவரு. பக்கத்து வீட்டு அக்காவோட இருமல் கேக்கக் கூடாதுன்னு பலகைக்குப் பின்னால பஞ்சு வேற வச்சு அடைச்சேன். அக்கா கீழ விழுந்து எந்திரிக்க முடியாம, காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் சுவரத் தட்டிருக்கு. நான் வீட்லதான் இருந்தேன், எனக்குக் கேக்கல.”

“இப்ப அக்கா கோவமா இருக்கா?”

“இல்ல. ‘நீ வீட்ல இல்லன்னு நெனச்சேன் தம்பி’ன்னு வார்டுல படுத்துக்கிட்டே சொல்லுச்சு.”

“நீ என்ன சொன்ன?”

அவர் கேரியர் மூடியை இன்னும் கொஞ்சம் அழுத்தி மூடினார்.

“ஆமாக்கா, டவுனுக்குப் போயிருந்தேன்னு சொன்னேன்.”