மூழ்கிய மன்னனின் உதடு

தேநீரில் பால் கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். குறை சொல்லவில்லை. தோலுக்கு வண்ணம் கலக்கிறவர்களும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். வெளிறலாக வேண்டுமென்றால் வெள்ளையைக் கொட்டிவிடுவார்கள். பிறகு பார்த்தால் முகம் முகமாக இருக்காது, கடையில் அடுக்கி வைத்த பன்றி இறைச்சித் துண்டு மாதிரி இருக்கும்.

எங்கள் உலகம் உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். கட்டைவிரல் உயரப் பொம்மைகள். பூதங்கள், சூனியக்காரிகள், செத்த பிறகும் நடமாடும் படைவீரர்கள். நாட்டிங்காமில் தெருவுக்கு நாலு பேராவது இந்தக் கிறுக்குப் பிடித்து அலைகிறோம். கவசத்தையும் வாளையும் யார் வேண்டுமானாலும் தீட்டலாம். தோலில்தான் ஒருவனுடைய வண்டவாளம் வெளியே வரும்.

பீஸ்டனில் அம்மா விட்டுப்போன வீட்டில் நானும் அக்கா லினெட்டும் இருந்தோம். எனக்கு நாலு வயது மூத்தவள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு. இன்ஹேலர் இல்லாமல் தபால் எடுக்கக்கூட வாசலுக்குப் போக மாட்டாள்.

போன வருட ஏப்ரலில் நடந்த பொம்மை தீட்டும் போட்டிக்கு, கடலில் மூழ்கிச் செத்த மன்னன் ஒருவனைத் தீட்டிக் கொண்டுபோனேன். எட்டு மாத உழைப்பு. நடுவர் மால்கம் அவனை எடுத்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா கீத், உன் ராஜா தண்ணியில விழுந்து செத்தானா, மாவு மூட்டையில விழுந்து செத்தானா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மன்னனின் வண்ணத்தை மொத்தமாகச் சுரண்டி எடுத்தேன். மால்கம் சொன்னது சரி, அதுதான் தாங்க முடியவில்லை. சாகிறவன் உதட்டிலிருந்து கன்னத்துக்கு நிறம் எப்படிப் பரவும் என்று எனக்குத் தெரியவில்லை. புகைப்படங்களில் தேடினேன். புகைப்படங்கள் பொய் சொல்கின்றன.

அக்டோபரில் ஒருநாள் நல்ல மழை. தீட்டி முடித்த பொம்மைமேல் அடிக்கும் வார்னிஷ் ஸ்ப்ரேயை வீட்டுக்கு வெளியேதான் அடிக்க வேண்டும் என்பது லினெட் போட்ட சட்டம். அன்று சமையலறையிலேயே அடித்தேன். அவள் டீ போட வந்தாள், மூச்சுத் திணறி நாற்காலியில் சாய்ந்தாள். அப்போதுதான் பார்த்தேன். கீழுதட்டின் உள்விளிம்பில் ஊதா, அதைச் சுற்றி ஈயச் சாம்பல், வாயோரத்தில் நேரில் கண்டாலொழிய யாரும் நம்பாத ஒரு பச்சை. இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தேன். உடனே கொடுத்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அறிவிருக்காடா உனக்கு? அந்த நாத்தம் புடிச்சத வெளிய போயி அடிக்கத் தெரியாது? பொம்மைக்குப் பளபளப்பு ஏத்தறேன்னு என்னை மேல அனுப்பிடுவ போலிருக்கே."

மன்னிப்புக் கேட்டேன். மாடிக்கு ஓடிப்போய்க் கலந்து பார்த்தேன். பச்சை வந்தது, சாம்பல் வரவில்லை. நினைவை வைத்துக்கொண்டு நிறம் கலக்க முடியாது, இன்ஸ்பெக்டர். ஆளை எதிரே வைத்துக்கொண்டுதான் கலக்க வேண்டும்.

அதனால் நவம்பரில் ஒருமுறை, கிறிஸ்துமஸ் கழித்து ஒருமுறை, பிப்ரவரியில் இரண்டு முறை, மறந்தவன்போல் வீட்டுக்குள்ளேயே அடித்தேன். ஒவ்வொரு முறையும் இன்ஹேலர் முன்னைவிடக் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது. அவள் கையைப் பிடித்தபடி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஏண்டா என் மூஞ்சியவே பாக்குற? அறுபத்திரண்டு வயசுல திடீர்னு அழகாயிட்டனா?" என்று ஒருமுறை கேலி செய்தாள். தம்பி என்னைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் மருந்து உள்ளே போனதும் அந்த ரோஸ் நிறம் வெட்கமில்லாமல் திரும்பி வந்துவிடும். நான் கலவையைப் பாதியில் விட வேண்டியதுதான். அந்த ரோஸைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கும்.

மார்ச் பத்தாம் தேதி, ஞாயிறு. புதினா சாஸ் ஊற்றிய பட்டாணியை இருவரும் சாப்பிட்டோம். தட்டுகளை நான்தான் கழுவினேன். வண்ணம் காயாமலிருக்க ஈரக் காகிதம் விரித்த கலவைத் தட்டை மேசையில் வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். பிறகு ஸ்ப்ரே அடித்தேன்.

"எங்கடா... அது?" என்றாள் லினெட். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுக்க வேண்டியிருந்தது.

"தேடறேன். நீ அசையாம உக்காரு."

அசையாமல் உட்கார்ந்தாள். வாழ்நாளில் அவள் என் பேச்சைக் கேட்டது அன்று ஒருநாள்தான். நிறம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சொட்டுக் கலந்து, நோட்டில் ஒரு தீற்றுத் தீற்றி, பக்கத்தில் மணி எழுதினேன். தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்குவது எங்கள் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். அன்றும் செய்தேன். அவள் உதட்டு நிறம் என் நாக்கில் இருந்தது. இன்றுவரை எதைத் தின்றாலும் அந்தச் சுவைதான் வருகிறது. உங்கள் உதவியாளர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாரே, அவரிடம் சொல்லுங்கள், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கடைசித் தீற்றலுக்குப் பிறகுதான் போன் செய்தேன். ஆம்புலன்ஸில் வந்த பெண் கேட்டாள்: "எவ்ளோ நேரமா இப்படி இருக்காங்க?"

"இப்பதான்" என்றேன்.

ஏப்ரலில், மறுபடி தீட்டிய அதே மன்னனுக்காகத் தங்கப் பதக்கம் எனக்கு. மால்கம் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அவன் உதட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"யப்பா, மயிர்க்கூச்செறியுது. இத எப்பிடிய்யா கலந்த?"

எங்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் கலவை கேட்டால் மறைக்கக் கூடாது. அதனால் நோட்டையே நீட்டினேன், பெருமையோடுதான். பதினோரு தீற்றல்கள், மேலே தேதி, பக்கத்தில் மணி, இரண்டு பத்திலிருந்து இரண்டு முப்பத்திரண்டு வரை. லினெட்டின் அடக்கத்துக்கு வந்திருந்தவர் அவர். எப்படிச் செத்தாள் என்பதும் என்றைக்குச் செத்தாள் என்பதும் அவருக்குத் தெரியும். அதை நான் யோசிக்கவில்லை. என் கவனமெல்லாம் அவர் அந்தச் சாம்பலைப் பார்க்கிறாரா என்பதில் இருந்தது.

"இது உங்க அக்கா செத்த அன்னிக்கு."

"ஆமா."

"யாரப் பாத்துடா கலந்த?"

நோட்டில் அந்தச் சாம்பல் தீற்றலை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் மன்னனை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் வெளியே போய் உங்களுக்குப் போன் செய்தார்.

இன்ஹேலர் எங்கே இருந்தது என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். என் சட்டைப் பையில். காலையிலேயே எடுத்து வைத்துக்கொண்டேன். அதை ஒத்துக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலை என்று எழுதுகிறீர்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அவள் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உயிர் போனதும் அந்த நிறமும் போய் வெறும் மெழுகாகிவிட்டாள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வருடத்துக்கும் எனக்கு அவள் வேண்டியிருந்தாள்.