லாலாகுடா ரூமில் ஒரே ரேசர்

எண்பதுகளின் கடைசி. ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து செகந்திராபாத் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மௌலாலி தாண்டியதும் ஜன்னலோரம் இருந்தவர் கேட்டார்.

“சம்பத்து, வேலைக்குச் சேர்ந்த புதுசுல லாலாகுடா ரூம்ல நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ரேசர்தானே?”

“ஹவ், ஆமா. ஒரே ரேசர், ஒரே கண்ணாடி. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகணும்னு நீ முதல்ல ஷேவ் பண்ணிடுவே. ஏன் பீட்டர்?”

“அப்ப எனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சே, அந்தக் கிருமி ரத்தத்தை விட்டுப் போகவேயில்லையாம். இப்ப ஸ்கேன்ல ஈரல்ல கொழுப்பு வேற.”

“மாசம் பூரா கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். எழுந்து உக்காந்ததும் நீ பிரியாணி கேட்டே.”

“நீ நக்கோ, வேணாம்னுட்டே. டாக்டரும் அதையேதான் சொல்றார். கிருமியும் கொழுப்பும் சேர்ந்தா ஈரல் சீக்கிரம் கெட்டுடுமாம். குடி கூடாது, எடை குறையணும், தினம் நடக்கணும்.”

“நடந்துட்டாப் போச்சு.”

“அது இல்லடா. ரேசர் வழியா அந்தக் கிருமி உனக்கும் வந்திருக்கலாமாம். அதைக் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமில்லை. நீயும் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கணும்.”

சம்பத் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“உனக்குக் கோபம் இல்லையே?” என்றார் பீட்டர்.

“அந்த ரேசர் என்னோடது. நான்தானே உன்கிட்ட கொடுத்தேன்.”

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பீட்டர் எழுந்தார். ஸ்டேஷன் வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்த சம்பத்தும் அவர் பின்னாலேயே இறங்கினார்.