கசக்காத மருந்து

இந்தச் செடெனாக் ரப்பர் தோட்டத்தில் மழை பிடித்துவிட்டால் கட்டுத்துணி காயாது, இன்ஸ்பெக்டர் ஐயா. அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைப்பேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸர் எனக்கு அதுவே பெரிய கவலை. இதை எழுத வேண்டாம். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

ஐயாசாமி நல்ல மனிதர். பால்மரம் வெட்டும் சனங்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தவர். கள்ளுக்கடையை மூடவைத்தார், தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். அவர் பேசினால் குனிந்தே பழகியவர்களும் நிமிர்ந்து உட்கார்வார்கள். பிறகு வேலைநிறுத்தம் என்பார். தடியடி நடக்கும். உடைந்த மண்டைகள் என்னிடம் வரும். தைத்துத் தைத்து எனக்கு அலுத்துவிட்டது.

சங்கத்தில் அவருக்கு அடுத்தவன் அர்ச்சுனன். தலைவர் நாற்காலிமேல் அவனுக்கு ஒரு கண் என்பது எல்லாருக்கும் தெரியும். ஐயாசாமி மலேரியாவில் விழுந்த அன்று என்னைத் தேடி வந்தான்.

"டிரஸரே, பெரியவரு ரொம்ப ஓடிட்டாரு. படுக்கட்டும்லா. நான் வந்தா துரைகிட்டப் பேசி எல்லாத்தையும் அமைதியா முடிச்சிருவேன்."

வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

புட்டியில் மலேரியாவுக்குக் கொடுக்கும் கசப்புக் கொயினாவுக்குப் பதில் தண்ணீரும் கொஞ்சம் சாயமும் கலந்தேன். அவருக்குரிய கொயினாவை மற்ற நோயாளிகளுக்குக் கொடுத்தேன், வீணாக்கவில்லை.

"மருந்து கசக்கலைங்கறாரே, டிரஸரய்யா?" என்று அவர் மனைவி பேச்சியம்மாள் கேட்டாள்.

"புது மருந்தும்மா."

ஐயாசாமி சிரித்தார். "நமக்கும் நல்லது வரத் தொடங்கிருச்சு, பேச்சி."

பக்கத்திலேயே இருந்தேன். உதறல் கண்டபோது கம்பளியை அழுத்திப் பிடித்தேன். பிதற்றலில் பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகை கேட்டார். வாங்கியாச்சு என்றேன். அந்தத் திருப்தியோடுதான் போனார்.

அர்ச்சுனன் தலைவனானான். கள்ளுக்கடை திறந்தது. பள்ளிக்கூடத்தில் இப்போது அவன் குடியிருக்கிறான். எதிர்த்துப் பேசினவர்களைத் துரையிடம் சொல்லித் தோட்டத்தை விட்டே விரட்டினான். மண்டை உடைவது மட்டும் நிற்கவில்லை. அடிப்பவர்கள் இப்போது அவன் ஆட்கள். என்னைக் காட்டிக்கொடுத்ததும் அவன்தான் என்கிறீர்கள். இருக்கும். அன்று அவன் என்னிடம் வந்து பேசியது தெரிந்தவன் நான் ஒருவன்தானே.

ஆமாம், ஐயாசாமியைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அதோடு இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. அவருக்காக உயிரைக் கொடுப்போம் என்று கத்தினவர்களில் ஒருவர்கூட அந்தக் கட்டில் பக்கம் வரவில்லை. கடைசிவரை கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவன் நான் மட்டும்தான்.