பருத்த கைக்குச் சின்னப் பட்டை

பெரும்பாலானோருக்குத் தங்கள் கை எவ்வளவு பருமன் என்று தெரியாது, ஐயா. கழுத்தளவு சொல்வார்கள், இடுப்பளவில் பொய் சொல்வார்கள், கையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் ரத்த அழுத்தம் பார்க்கும்போது கைக்கேற்ற பட்டை கட்ட வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் கருவி கூட்டிக் காட்டும். ஆய்வுக்கூடத்தில் முதல் வாரமே சொல்லித்தந்த பாடம். வகுப்பில் நான் ஒருவன்தான் தூங்கவில்லை.

நாங்கள் சோதித்தது ஒரு பெப்டைடு ஹார்மோன் ஊசி. அழுத்தத்தைக் குறைக்கும், கூடவே ஞாபகத்தையும் தீட்டும் என்று பேராசிரியர் நம்பினார். நம்புவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அழுத்தம் குறையத்தான் செய்தது. ஞாபகம் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. காட்டிய படங்களைச் சற்று நேரம் கழித்துக் கேட்டால், "படமா? எப்பப்பா காட்டுன?" என்பார்கள்.

தேறியவர் ஒருவர்தான், என் பெரியப்பா. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் வண்டி ஓட்டிய தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார் என்பதால் நான்தான் ஆய்வில் சேர்த்தேன். சில ஊசிகளிலேயே படங்களைக் கடகடவென்று ஒப்பித்தார்.

"குடை, சாவி, ஆடு, ஏணி. போதுமாடா மண்டு?"

சின்ன வயதிலிருந்தே என்னை அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு வருத்தமெல்லாம் இல்லை.

"இவரைக் கோட்டை விட்டுடாதப்பா," என்றார் பேராசிரியர். "உன் பட்டமே இவர் மண்டையிலதான் இருக்கு."

ரத்த அழுத்தத்தின் மேல் எண் நூற்றுக்குக் கீழே போனால் ஊசியை நிறுத்த வேண்டும் என்பது விதி. பெரியப்பாவுக்குப் போனது. ஸ்டியரிங் பிடித்துத் திரண்ட அந்தக் கையில் சின்னப் பட்டையைக் கட்டினேன். எண் நூற்றைத் தாண்டியது. கருவி காட்டியதைத்தான் எழுதினேன், ஐயா. பொய்க்கணக்கு எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"எந்திரிச்சா கண்ணு இருட்டுதுடா."

"ரத்தமெல்லாம் மூளைக்கு ஓடுது பெரியப்பா. நல்ல அறிகுறி."

இதைப் பெரியம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாராம்.

கடைசியாக வந்த அன்று கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டா, முன்னெல்லாம் கறுப்புப் பட்டை கட்டுவ. மூணு தடவையா இந்தப் பொடி நீலத்தைக் கட்டுற. கை கடுக்குது."

எனக்கு மெய்சிலிர்த்தது. காலையில் சாப்பிட்டோமா என்பதையே மறந்திருந்த மனிதர். கூடத்தில் இத்தனை படித்தவர்கள் நடமாடியும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

"கறுப்பு கிழிஞ்சிருச்சு பெரியப்பா," என்று சொல்லி ஊசியைப் போட்டேன்.

மாலையில் வீட்டு மாடிப்படி இறங்கும்போது கண் இருட்டி விழுந்தார். பிறகு எழவில்லை.

ஆமாம், தெரிந்துதான் கட்டினேன், தெரிந்துதான் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் பட்டை மாறியதைப் பெரியம்மாவிடம் அவர் நிறம் பிசகாமல், எத்தனை தடவை என்பதும் பிசகாமல் சொன்னாரே, பெரியம்மா உங்களிடம் வந்து சொன்னார்களே, அதையும் எழுதுங்கள். அதுவும் ஆய்வின் முடிவுதான். பெரியப்பா இருந்திருந்தால் அவரே ஒத்துக்கொண்டிருப்பார், மண்டு சாதித்துவிட்டான் என்று.