வண்டி வராத நடைமேடையைக் காத்தவருக்கு

ஊருக்கு முதுகையும் தண்டவாளம் கிடந்த இடத்துக்கு முகத்தையும் காட்டி நிற்கும் இந்தப் பழைய ரயில் நிலையத்தை நூலகமாக்கி, நூலகத்தை வீடாக்கி, அந்த வீட்டின் மானத்தை நெடுங்காலம் காத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தலைமை நூலகர் அம்மையீர்! வணங்குகிறோம்.

பஞ்சு மூட்டைகளுக்காக எழுந்த நிலையம் இது. ரயில் பாதை வேறு ஊர் வழியாகத் திரும்பியதும் வண்டி வருவது நின்றது; தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த இடத்தில் இடுப்பளவு புல் வளர்ந்தது. ஒரு முழம் தடித்த கற்சுவரும், வார்ப்பிரும்புத் தூண்களும், ரம்பப்பல் போன்ற மரவிளிம்பு தொங்கும் கூரையுமே மிஞ்சின. தாங்கள் வந்து, டிக்கெட் கொடுத்த வளைவு ஜன்னல் வழியாகவே புத்தகம் கொடுத்தீர்கள். குனிந்துதான் வாங்க வேண்டும். புத்தகத்துக்குக் குனிவதில் யாருக்கும் கௌரவக் குறைவில்லை என்றீர்கள்.

நடைமேடைக் கூரை பிழைத்தது நகராட்சிப் பொறியாளரின் இரக்கத்தால் என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. சட்டமிட்டு மாட்டப்போகும் மடல் இது; நடந்ததே இதில் இருக்க வேண்டும். நம் வீட்டுப் பெருமையை அடுத்த வீட்டுக்கு எழுதிக் கொடுக்க மாட்டோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தப் பொறியாளரே சாட்சி.

கூரையை இடித்துவிடலாம் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அவர் வந்தார். தாங்கள் வாதாடவில்லை. வந்தவரை நடைமேடை பெஞ்சில் உட்காரச் சொல்லி, கடற்பயண நூல் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனீர்கள். இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தவருக்குப் பொழுது போனதே தெரியவில்லை. மாலைக் காற்று புல்லை வளைத்துக்கொண்டு தூரத்திலிருந்து இரைந்து வந்தது. இங்கே படிப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறை அவரும் செய்தார்: பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, நடைமேடை விளிம்புக்குப் போய், வண்டி வரும் திசையை எட்டிப் பார்த்தார்.

ஜன்னலுக்குள்ளிருந்து நிமிராமலே சொன்னீர்கள்: "பதறாதீங்க தம்பி. அது நின்னுதான் போகும்."

காதுவரை சிவந்து, பிறகு சிரித்துவிட்டார் அவர். மறுநாள் ஏணியோடு வந்து, முந்தின நாள் கீழே நின்றே தீர்ப்பளிக்க இருந்த கூரையில் ஏறிப் பார்த்தார். உத்தரங்கள் உறுதியாக இருந்தன; ஓடுகள்தாம் உடைந்திருந்தன. ஓடு மாற்றினால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

அம்மையீர்! தாங்கள் காத்த கூரையின் கீழ் இன்று ஊரே அமர்ந்து படிக்கிறது. தாங்கள் மட்டும் ஒருநாளும் அங்கே அமர்ந்ததில்லை. ஜன்னலை விட்டு நகர நேரமிருந்ததில்லை. கண்ணொளி குன்றாமல், கைகால் சோராமல், நெடுங்காலம் நலமாக வாழுங்கள். நாளை ஒரு வாசகராக வாருங்கள். பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருக்கிறோம்.

தங்களோடு ஒரே கூரையின் கீழ் உழைத்த பேறு பெற்ற,
நூலகப் பணியாளர்கள்