கழுவின கால்

— மெதுவா தேய்டி! தோலை உரிச்சு எடுக்கப் போறியா?

— கல்லு வச்சுத் தேய்ச்சாத்தான் இந்தக் குதிகால் அழுக்கு போகும். அது சரிங்க, இன்னைக்குப் பெரிய வியாழன் பூசையில ஃபாதர் கழுவத்தானே போறாரு? கழுவப் போற காலை எதுக்கு வீட்லயே கழுவணும்?

— மரமண்டை. பீடத்து முன்னாடி பன்னிரண்டு நாற்காலி, இயேசுவோட பன்னிரண்டு சீடருங்க இடத்துல பன்னிரண்டு பேரு. கோயில் நிறைய சனம். ஃபாதர் மண்டி போட்டு, கழுவி, துடைச்சு, முத்தம் வேற கொடுப்பாரு. அழுக்குக் காலை நீட்டுனா என் மானம் என்னாகுறது? அடுத்த மாசம் நம்ம கோயில் பங்குப் பேரவைத் தலைவர் தேர்தல் வேற வருது. புரியுதா?

— புரியுது, புரியுது. அப்ப ஃபாதர் கழுவினதையே கழுவுறாரு.

— வாய் ஜாஸ்தியாயிருச்சு உனக்கு. ஆஸ்பத்திரியில கண்டவன் மலத்தையும் அள்ளுறியே, சோப்புப் போட்டுத்தானே கையைக் கழுவினே?

— ரெண்டு தடவை கழுவினேன், மகாராசா. அடுத்த காலைக் கொடுங்க.

— இந்தா. உனக்கெல்லாம் யாரு சொல்லித் தரப் போறா, நல்லாக் கேட்டுக்க. கடலைப் பார்த்து அடங்குன்னா அடங்கும். செத்தவனை எழுந்திருன்னா எழுந்திருப்பான். அப்பேர்ப்பட்ட கடவுள் இடுப்புல துண்டைக் கட்டிக்கிட்டு மீன் பிடிக்கிறவன் காலைக் கழுவினாரு. அதான் தாழ்மை. ஆ, விரலுக்கு நடுவுல விட்டுட்டே பாரு!

— தெரியாமத்தான் கேக்குறேன். அன்னைக்கு அவரு குனிஞ்சாரா, காலை நீட்டினாரா?

— இந்த நக்கலெல்லாம் உங்க அம்மா வீட்டோட வச்சுக்க. குனியிறதுக்கும் ஒரு தகுதி வேணும்டி. பலம் இருக்கிறவன் குனிஞ்சா அது தாழ்மை. நீ குனிஞ்சா அது வேலை.

— சரிதான். காட்டிக் கொடுக்கப் போறவன் காலையும் கழுவினாராமே?

— அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கலை. நானா இருந்தா கையை ஒரு அசைப்பு, அவன் சாம்பல்.

— நல்லவேளை, உங்களைக் கடவுளாக்கலை. நாங்கெல்லாம் பொழைச்சோம்.

— சிரிக்காதே. துண்டை எடு. அது இல்ல, புதுத் துண்டு.

— மத்த பதினோரு பேரு யாருங்க?

— அதை ஏன் கேக்குறே! சாக்கடை அள்ளுறவன், குழி வெட்டுறவன், தெருக் கூட்டுறவ... எங்கேருந்துதான் பொறுக்கினாரோ. நல்ல குடும்பத்து ஆளு ஒருத்தராவது வேணுமேன்னு என்னைப் போட்டிருப்பாரு.

— ஃபாதரே உங்ககிட்ட வாயால சொன்னாரா?

— கோயில்ல மணியடிக்கிற அந்தக் கோயில்பிள்ளை வாசல்ல நின்னு சொன்னானே, 'உங்க வீட்ல ஒருத்தர் பேர் இருக்கு, வந்து கூட்டிட்டுப் போறேன்'னு! இந்த வீட்ல ஒருத்தர்னா வேற யாரு, அடுப்படிப் பூனையா?

— அதைப் பத்தித்தான் உங்ககிட்ட சொல்ல வரேன், காது கொடுத்தாத்தானே. ஃபாதர் போன வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தப்ப...

— வந்தாரு, ஜெபிச்சாரு, போனாரு. உன் ஆஸ்பத்திரிப் புராணத்தை அப்புறம் வச்சுக்கலாம். உன் காலைப் பாத்தியா? காஞ்ச குளம் மாதிரி வெடிச்சுக் கிடக்கு. முன் வரிசையில வந்து உக்காந்து தொலைக்காதே. பின்னாடி தூணுக்குப் பக்கத்துல நில்லு.

— எனக்கும் அந்தக் கூச்சம்தான். வராமலே இருந்துடலாம்னு நினைச்சேன்.

— அது இன்னும் நல்லது. யாரு கதவைத் தட்டுறது? அட, கோயில்பிள்ளை! வாப்பா, வா. செருப்பை மாட்டினா கிளம்ப வேண்டியதுதான்.

— நீங்களும் வரீங்களாண்ணே? என் ஸ்கூட்டர்ல பின்னாடி ஒருத்தர்தான் உக்காரலாம். அக்கா, கிளம்புங்க. கால் வெடிப்பா இருக்கு, கூச்சமா இருக்கு, வரலைன்னு நீங்க சொன்னதை ஃபாதர்கிட்ட சொன்னேன். சிரிச்சாரு. 'அடுத்தவங்களைக் கழுவி விடுறவங்க காலைத்தான் இந்த வருஷம் நான் கழுவணும், அந்தம்மா வராம நான் பூசையை ஆரம்பிக்க மாட்டேன்'னுட்டாரு.

— என்னது? இவளா? இவ முன்னாடி ஃபாதர் மண்டி போடுவாரா? இந்தக் காலுக்கு முத்தம் கொடுப்பாரா? ஏய், எங்கடி போறே! போறதுன்னா காலைக் கழுவிட்டாவது போ! என் மானம் போகுது!

— எதுக்கு? கழுவத்தானே கூப்பிடுறாங்க? இப்படியே வரேன், தம்பி. ஏங்க, அந்த அழுக்குத் தண்ணியைக் கொட்டிட்டு பேசினைக் கவுத்து வச்சிருங்க. கவலைப்படாதீங்க, நீங்க குனிஞ்சா அது தாழ்மைதான்.